கத்தாத லைன்கள்

அரசாங்கக் கம்பெனியாக இருந்தவரை அந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் மாடி முழுக்க ஆபரேட்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பங்குகளை விற்றபிறகு மாடியை ஒரு ஜிம்முக்கு வாடகைக்கு விட்டாயிற்று. தலைக்கு மேலே யாரோ குதித்துக்கொண்டேயிருக்க, கீழே லைன்மேன் பழைய காப்பர் லைன்களைச் சாகடித்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அவற்றுக்கு உயிர் கொடுத்தவரும் அவர்தான். வயிற்றுப்பாடு என்று வந்துவிட்டால் இதையெல்லாம் யோசிக்க முடியுமா?

கம்பெனிக்கு இப்போது ஃபைபர்தான் செல்லப்பிள்ளை. காப்பரை உருவி எடைக்குப் போடவேண்டும். ஆனால் எந்த லைன் தேவை, எது சும்மா கிடக்கிறது என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்க ஆளில்லை; ஆட்களைத்தான் முதலிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களே. அதற்கு மேனேஜர் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார். வாயைத் திறந்தால் டார்கெட் என்பதால் அவருக்குப் பெயர் டார்கெட் சார். குறுக்குவழிக்குப் பெயர் கத்தல் சோதனை. வெகுநாளாக யாரும் பேசாத லைன்களின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஒரு வாரம் பொறுக்க வேண்டும். யாராவது கத்தினால் திரும்பச் செருகலாம். கத்தாவிட்டால் கேபிளையே வெட்டிவிடலாம்.

“போன் செத்துப்போச்சுன்னு சொல்றதுக்கே போன் வேணுமே, எப்படிக் கத்துவாங்க?” என்று கேட்டார் வாசலில் காவலுக்கு இருக்கும் செக்யூரிட்டி அம்மா.

லைன்மேன் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே அவரை நாலு சாத்து சாத்தலாம்.

கரன்ட் பில்லைக் குறைக்கிறேன் என்று உள்ளே பாதி டியூப்லைட்டைக் கழற்றியிருந்தார்கள். ஒயர்கள் எல்லாம் வந்து முடியும் பெரிய இரும்புச் சட்டத்தின் முன் அந்த அரையிருட்டில் நின்று, கை போன போக்கில் ஃபியூஸ்களைப் பிடுங்கிப் பக்கெட்டில் போட்டார். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன் என்று பீற்றல் வேறு.

வாரம் முடிந்தது. காலையிலேயே டார்கெட் சார் கூப்பிட்டார். “ஒரு சத்தமும் இல்ல, பாத்தீங்களா? கேபிள் வெட்ட ஆள் வருது. பக்கெட்டைக் காலி பண்ணி வைங்க.”

லைன்மேன் பக்கெட்டை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிவந்து தரையில் கவிழ்த்தார். வெள்ளை வெளேரென்ற ஃபியூஸ்களுக்கு நடுவில் ஒன்றின்மேல் மட்டும் பச்சை டேப்.

பச்சை டேப் பழைய லைன்மேன்களின் வழக்கம். நோயாளி இருக்கிற வீடு, இதில் கை வைக்காதே என்று அர்த்தம். எந்தக் கம்ப்யூட்டரிலும் அது ஏறவில்லை. அந்தச் சட்டத்தில் அவர் டேப் சுற்றியது ஒரே ஒரு ஃபியூஸுக்குத்தான். அது அவருடைய அக்கா வீட்டு லைன்.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பகலில் மகள் வேலைக்குப் போய்விடுவாள். அக்காவின் கழுத்தில் ஒரு பட்டன் தொங்கும். அழுத்தினால் வீட்டு போன் தானாகவே தம்பியின் செல்லுக்கு அடிக்கும். “ஃபைபர்னா வீட்ல கரன்ட் போனா போனும் போயிடும்க்கா. இது எக்ஸ்சேஞ்சு கரன்ட்ல ஓடுது, சாகவே சாகாது” என்று சத்தியம் செய்து மாட்டிவிட்டவர் அவர். இதுவரை அதை அழுத்தத் தேவை வந்ததில்லை. யாரும் பேசாத லைன்.

லைன்மேன் அந்த ஃபியூஸைப் பொறுக்கியெடுத்தார். உள்ளே ஓடி, தடவித் தடவி இடத்தைக் கண்டுபிடித்து ஃபியூஸைச் செருகினார். செல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அடிக்கவில்லை. அக்கா நன்றாக இருப்பதால் அடிக்கவில்லையா, அழுத்தி அழுத்திக் கை ஓய்ந்ததால் அடிக்கவில்லையா? கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டியை எடுத்தார்.

தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தார். அக்கா கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் தரையில் கிடந்தாள். மகள் கிளம்பிப் போனதுமே விழுந்திருக்க வேண்டும். புடவை நனைந்திருந்தது. இடது கையில் பட்டன். அதன் விளிம்பு அழுந்தி அழுந்திப் பெருவிரல் கன்றிப்போயிருந்தது.

“அக்கா! எங்கயாவது அடிபட்டுச்சா?”

தம்பியைப் பார்த்ததும் அக்காவின் பாதி முகம் சிரித்தது. பட்டனைத் தூக்கிக் காட்டி ஒரு அழுத்து அழுத்தினாள். அவர் சட்டைப்பையில் செல் அடித்தது. பார்த்தாயா, கூப்பிட்டேன், வந்துவிட்டாய் என்பதுபோல் தலையை ஆட்டினாள். பிறகு வாட்ச் இல்லாத மணிக்கட்டை மூக்கால் சுட்டி, ஏன்டா இவ்வளவு லேட் என்று கேலியாக முறைத்தாள்.

“டிராஃபிக்குக்கா” என்றார். அதைவிடக் கேவலமான பொய்யை அவர் ஆயுளில் சொன்னதில்லை.

அக்காவைத் தூக்கிக் கட்டிலில் சாய்த்து, தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மறுபடி செல் அடித்தது. டார்கெட் சார்.

“எங்க போனீங்க? ஆள் வந்து வேலைய ஆரம்பிச்சாச்சு.”

“நிறுத்துங்க சார்! கத்துறாங்க!”

“யாரு? ஒரு கம்ப்ளெய்ன்ட்கூட வரலையே?”

“எங்க அக்கா சார். அவங்களுக்கு வாயில்ல. அந்தப் பக்கெட்ல இன்னும் எத்தனை பேர் இப்படி இருக்காங்களோ! வீடு வீடாப் போய்ப் பாக்கணும் சார்.”

“முதல் கேபிள் இப்பதான் போச்சு. அக்காவை ஃபைபருக்கு அப்ளை பண்ணச் சொல்லுங்க, சீக்கிரமே குடுத்துடலாம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அக்கா தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைச் சிரிக்கவைக்க நினைத்தாளோ என்னவோ, பட்டனை இன்னொரு தடவை அழுத்தினாள். சட்டைப்பை சும்மா இருந்தது. புரியாமல் மறுபடி அழுத்தினாள். பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“நான்தான்க்கா புடுங்கினேன்” என்றார் லைன்மேன். “போன வாரமே.”

அக்கா கன்றிப்போன தன் பெருவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இடது கையால் கயிற்றைக் கழுத்திலிருந்து மெல்லக் கழற்றி, பட்டனை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.