ஆசைக்கு ஓர் உதாரணம்

எங்கள் அகராதி அலுவலகத்தில் மூன்றே பேர். முதலாளி, நான், என் கணவர். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுதி, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உதாரண வாக்கியம் போடுவது என் வேலை. அதில் பிழை பார்ப்பது அவர் வேலை. வீட்டில் பார்த்த முகத்தையே எதிர் மேசையிலும் பார்த்துப் பதினோரு வருஷம் ஓட்டியாகிவிட்டது.

அந்த வாரம் எனக்கு வந்த சொல் 'வான்ட்'. பார்த்தால் பொடிச் சொல், உட்கார்ந்து எழுதினால் இடுப்பை ஒடித்துவிடும். தேவை ஒரு பொருள், இல்லாமை ஒரு பொருள், ஆசை ஒரு பொருள். போலீஸ் தேடுகிற ஆளுக்கும் இதே சொல்தான். சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும், கவனிப்பு இல்லாமல் செடி வாடியது, மூன்று ஊர்களில் தேடப்படும் திருடன். இவை அரை மணியில் முடிந்தன. ஆசையில் வந்து மாட்டிக்கொண்டேன்.

ஏனென்றால் எனக்கே ஓர் ஆசை இருந்தது. தொலைவில் ஒரு நூலகத்தில் அவருக்குத் தெரியாமல் விண்ணப்பித்து, வேலையும் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அங்கே ஓர் அறை எடுத்துக்கொண்டு தனியாக இருக்க வேண்டும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். என்னைக் கேட்கும் கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொல்லிவிடுவார், அவ்வளவுதான். துணிக்கடையில், "அவளுக்கு அடர்நிறம் பிடிக்காதுங்க" என்பார். ஆஸ்பத்திரியில், "இப்ப வலி பரவாயில்ல டாக்டர்" என்பார். வலிப்பது எனக்கு.

திங்களன்று ஆரம்பித்துப் பார்த்தேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஃபேன் சத்தம்தானே? ஆளுக்குச் சொல்லிட்டேன்."

ஆனால் தாளில் இருப்பதை அவர் ஓர் எழுத்து விடாமல் படிப்பார். அதனால் வியாழன் மதியம் ஆசைக்கு உதாரணமாக எழுதினேன்: 'நான் வேறு ஊருக்குப் போய்த் தனியாக வாழ விரும்புகிறேன்.' பக்கத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு, வேலை செய்வது போல் உட்கார்ந்திருந்தேன்.

அவர் பேனா அந்த வரியில் நின்றது.

"இது சரியா வரலையே" என்றார். "யாரும்மா இப்படி ஆசைப்படுவாங்க? பள்ளிக்கூடப் பிள்ளைங்க படிக்கிற புத்தகம்."

அடித்துவிட்டு மேலே எழுதினார்: 'எனக்கு ஒரு புதுக் குடை வேண்டும்.'

"அது என் ஆசை" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நிஜமாவே என் ஆசை."

"லைப்ரரி வேலைதானே? தெரியும்" என்றார். "நேத்து நீ பேங்குக்குப் போயிருந்தப்ப அந்த லைப்ரரியிலிருந்து போன் வந்துச்சு. முடியாதுன்னு சொல்ல நீ சங்கடப்படுவியேன்னு நானே வேண்டாம்னு சொல்லிட்டேன். நல்லவிதமாத்தான் பேசினாங்க."

கோபம் துளிகூட இல்லை. பெண்டாட்டிக்கு ஒரு தொல்லையைக் குறைத்த திருப்திதான் முகத்தில் தெரிந்தது. அவர் எதிரிலேயே போனை எடுத்து நூலகத்தைக் கூப்பிட்டேன். அந்த இடத்துக்குக் காலையிலேயே வேறு ஆள் எடுத்துவிட்டதாக ஒரு பெண் மரியாதையாகச் சொன்னாள். என் கணவரிடம் பேசியதும் அவள்தானாம். ரொம்பத் தன்மையான மனிதர் என்றாள்.

போனை வைத்தேன். பக்கத்தை இழுத்துக் குடையை அடித்துவிட்டு, என் வாக்கியத்தைப் பேனா அழுந்த மறுபடி எழுதினேன். அவர் தடுக்கவில்லை.

"சரிம்மா, உன் இஷ்டம்" என்றார்.

அந்த வாக்கியம் ஐயாயிரம் பிரதிகளில் அச்சாகும். நான் ஐந்தரை மணிக்கு அவரோடு பஸ் ஏறினேன். கண்டக்டரிடம் அவர்தான் ரெண்டு டிக்கெட் கேட்டார்.