டாக்டர் சிபாரிசு செய்த இரவுச் சாப்பாடு

என் தங்கை தன் பிள்ளையின் மலச்சிக்கலைப் பற்றி டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, டாக்டருக்கு மூக்கில் பவுடர் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் அவள் பக்கம் திருப்பி, ரொம்ப அக்கறையாகக் கேட்டார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், காதோரம் மட்டும் அளவெடுத்து வைத்தாற்போல நரை.

"நாலு நாளைக்கு ஒரு தடவைதான் போறான் டாக்டர். அதுவும் அழுதுகிட்டே. ராத்திரியில எழுந்து எழுந்து தண்ணி கேக்கறான்."

டாக்டர் யோசித்தார். "தண்ணி நிறைய குடுங்கம்மா. எல்லாம் சரியாயிடும்" என்றார். குரல் என்றால் அப்படி ஒரு குரல். அந்தக் குரல் தலைவலிக்குத் தலையை எடுத்துவிடலாம் என்று சொன்னாலும் நாம் கழுத்தை நீட்டிவிடுவோம்.

எனக்கு மட்டும் கொஞ்சம் உறுத்தியது. "எந்த ஆஸ்பத்திரியில இருக்கீங்க சார்?"

"ஆஸ்பத்திரியா? நான் இப்ப மூணு விளம்பரத்துல இருக்கேன். ஒரு சீரியல்ல ஜட்ஜு."

பவுடர் போட்ட பெண் சிரித்துவிட்டாள். தங்கை சிரிக்கவில்லை. சொன்னதையெல்லாம் திரும்பப் பொறுக்கிக்கொள்ள முடியுமா என்பதுபோல் தரையைப் பார்த்தாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. காலையிலிருந்து அந்தப் படப்பிடிப்புக் கூடத்தில் "டாக்டர் வந்தாச்சா", "டாக்டருக்குக் காப்பி", "டாக்டர் பக்கம் ஃபேனைத் திருப்பு" என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு, அங்கே விளம்பரம் எடுத்துக்கொண்டிருந்த குழந்தைச் சாப்பாட்டு பாக்கெட்டின் மேல் கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் இன்னொரு வெள்ளைக் கோட்டை அவள் ஒரு வருஷமாக ராத்திரிதோறும் பார்த்துவருகிறாள். பெரிய கடை ஒன்றில் பில் போடுகிறவள் அவள். நாள் முழுக்க நின்றுவிட்டு, இரண்டு பஸ் மாறி, காப்பகத்தில் கடைசிப் பிள்ளையாக வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மகனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் இருட்டியிருக்கும். அவள் வீட்டுக்காரர் தூர தேசத்துச் சாலைகளில் லாரி ஓட்டுகிறார். பிள்ளைக்கு அவர் போனுக்குள் இருக்கும் அப்பா. பாக்கெட்டைக் கிழி, வெந்நீரை ஊற்று, கிண்டு, ஐந்து நிமிஷம் மூடி வை. பிள்ளை அழாமல் தின்கிறான், தூங்குகிறான். டாக்டரே கட்டை விரலைத் தூக்கிவிட்டார். வேறென்ன வேண்டும்?

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். சாயங்காலம் சீட்டுக்கு அடியில் பெருக்கி எடுக்கும் குப்பையை வைத்தே எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எந்த வீட்டில் கத்தரிக்கோல் மட்டும் வேலை செய்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்த ஞானத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கைக்கு வாரி வழங்குவது வழக்கம். என் மனைவியும் சேர்ந்துகொள்வாள். "பெத்த பிள்ளைக்கு ஒரு வாய் ஆக்கிப் போட முடியலன்னா அப்புறம் என்ன?" என்பாள். "அண்ணி, மேல டாக்டர் படமே போட்டிருக்காங்க" என்பாள் தங்கை. நான் அதற்கும் அடங்காமல் உப்பு, சத்து என்று ஆரம்பித்தால், "உம் பிள்ளைங்க ரெண்டும் எந்த கிளாஸ் படிக்குதுன்னு சொல்லுண்ணா பாக்கலாம்" என்பாள். கூட்டம் அத்தோடு கலைந்துவிடும்.

பிள்ளைக்கு நாலு வயது. நாங்கள் பட்டாணி என்று கூப்பிடுவோம். பில் வரிசையில் நின்ற ஒரு விளம்பரக்காரர் அவன் கன்னத்தைப் பார்த்து மயங்கித்தான் இங்கே வரச் சொன்னார். எந்த பாக்கெட்டுக்கு என்று தெரிந்ததும் தங்கைக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தியாண்ணா, அதைச் சாப்பிட்டு வந்த கன்னம்தானே இது!" அரைநாள் லீவு போட்டாள். எனக்குக் காலை சவாரிக்கும் சாயங்கால சவாரிக்கும் நடுவில் வேலை கிடையாது, துணைக்குப் போனேன்.

கூடத்தின் நடுவில் மூன்றே சுவரோடு ஒரு சமையலறை. அடுப்புக்கு கேஸ் இல்லை. ஜன்னலுக்கு வெளியே சூரியனுக்குப் பதில் ஒரு பெரிய விளக்கு. மேஜை மேல் கிண்ணம். அதில் ஒரு பெண் வீட்டிலிருந்து வேகவைத்துக் கொண்டுவந்த கேரட் துண்டுகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டிருந்தாள். "பாக்கெட்ல இருக்கற கேரட் கண்ணுக்கே தெரியாதுண்ணா, தூள்" என்றாள். கிண்ணத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்த ஈரப் பஞ்சிலிருந்து ஆவி பறந்தது. கரண்டியில் இருந்தது மட்டும் பாக்கெட்டின் நிஜச் சரக்கு. பிள்ளையின் வாய்க்குள் போவதாவது உண்மையாக இருக்க வேண்டும் என்று அவர்களுடைய வக்கீல் சொல்லியிருக்கிறாராம். நல்ல மனுஷர்.

கழுத்தில் அட்டை தொங்கிய கம்பெனிக்காரர் எங்களிடம் வந்து, யாரும் கேட்காமலேயே பேச ஆரம்பித்தார். "நாங்க விக்கறது சாப்பாடு இல்ல சார். நேரம். ஒரு தாய்க்கு அவ நேரத்தைத் திருப்பிக் குடுக்கறோம்." அந்த நேரத்தை முதலில் எடுத்துக்கொண்டவர்களிடமும் இதையெல்லாம் சொல்லிப் பார்த்தீர்களா என்று கேட்க வந்தேன். தங்கை முழங்கையால் இடித்தாள்.

பட்டாணிக்கு மஞ்சள் சட்டை போட்டு உட்காரவைத்தார்கள். அம்மாவாக நடிக்க வந்த பெண் ஊட்ட வேண்டும், அவன் வாங்கிச் சிரிக்க வேண்டும், டாக்டர் கதவைத் திறந்து வந்து, "தினமும் கொடுங்கள், நிம்மதியாக இருங்கள்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். உதவிக்கு நின்ற பெண் ஒரு நீல வாளியைக் கொண்டுவந்து நாற்காலிக்குக் கீழே வைத்தாள். "கட் சொன்னதும் இதுல துப்பிடணும், சரியா தங்கம்?"

பட்டாணி அம்மாவைப் பார்த்தான். சாப்பாட்டைத் துப்பினால் அவள் கையில் என்ன கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும். முதல் வாயை முழுங்கினான். இரண்டாவதையும் முழுங்கினான். டாக்டர் ஒருமுறை "நிம்மதியாக" என்பதை மறந்தார், ஒருமுறை கதவு திறக்கவில்லை, ஒருமுறை அம்மாவாக நடித்தவளின் முடி பறந்தது. ஒவ்வொரு முறையும் வாளி வெறுமையாகவே இருந்தது. பிள்ளை சப்புக்கொட்டி அடுத்த வாய்க்குக் காத்திருந்தான்.

கம்பெனிக்காரர் ஓடிவந்தார். "என்னம்மா, முழுங்க விடறீங்க? துப்பச் சொல்லுங்க!"

"சாப்பிடட்டும் சார். அவனுக்கு இது ரொம்பப் பிடிக்கும்."

"பிடிக்கறது இருக்கட்டும். இன்னும் எத்தனை டேக் போகுமோ தெரியாது. அத்தனை உப்பும் உள்ள போனா சின்னப் பிள்ளை தாங்குமா? ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"இன்னும் ஒரு பாக்கெட்கூட முழுசா உள்ள போகல சார். வீட்டுல ஒண்ணரை பாக்கெட் சாப்பிடுவான்."

"அது என்னைக்காவது ஒரு நாள்…"

"தினம் ராத்திரி சார்."

"தினமுமா?" என்றார் கம்பெனிக்காரர்.

வாய் தவறித்தான் வந்தது. ஆனால் அன்றைக்கு முழுக்க அந்தக் கூடத்தில் மனசிலிருந்து வந்த ஒரே வார்த்தை அதுதான். முகத்தில் நிஜமான பதற்றம். பாவம், அவருக்கும் வீட்டில் பிள்ளை இருக்கும்போல. கதவுக்குப் பின்னால் டாக்டர், "தினமும் கொடுங்கள்… தினமும் கொடுங்கள்…" என்று ஏற்றி இறக்கி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை அந்தக் கதவைக் காட்டினாள். "அவர் அதைத்தானே சார் சொல்றாரு?"

"அது விளம்பரம்மா." ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் தொனி. "வீட்டுச் சாப்பாட்டோட, எப்பவாவது அவசரத்துக்குன்னு பின்னாடி போட்டிருக்கோமே." பாக்கெட்டைத் திருப்பி மடிப்பைப் பிரித்துக் காட்டினார். டாக்டர் படம் உள்ளங்கை அகலம். இந்த எழுத்து எறும்பு ஊர்ந்த தடம். ஒரு நாளைக்கு ஆயிரம் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிறவள் அவள். அவளே கண்ணைச் சுருக்கித்தான் படித்தாள்.

"அப்ப இதை அவர் வாயால சொல்லச் சொல்லுங்க. அவசரத்துக்கு மட்டும்னு. இல்லன்னா எம் பிள்ளை மூஞ்சி இதுல வேண்டாம்."

டாக்டர் கதவு வழியாகத் தலையை நீட்டி, "சொல்லிடலாமே!" என்றார். உடனே சொல்லியும் காட்டினார். "அவசரத்துக்கு மட்டும் கொடுங்கள்." உண்மையிலேயே நன்றாக இருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. கம்பெனிக்காரர் தங்கையைப் பார்க்காமலேயே, "ரெண்டாவது பையனைக் கூட்டிட்டு வா" என்றார்.

இரண்டாவது பையன் ஒருவன் தயாராக வெளியே உட்கார்ந்திருந்தான். அதே மஞ்சள் சட்டை, அதே அளவு கன்னம். பட்டாணியின் சட்டையைத் தங்கை கழற்றியபோது அவன் கிண்ணத்தைக் காட்டி, "எனக்கு இன்னும் வேணும்மா" என்று கத்தினான். வாசலில் அந்தப் பையனின் அம்மா எதிரே வந்தாள். தங்கை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பையனைத் துப்பச் சொல்லுங்க."

"அதெல்லாம் துப்பவே மாட்டான்" என்றாள் அவள் பெருமையாக. "எங்க வீட்டுல இதுதான் ராத்திரிக்கு."

உள்ளே கதவை மூடிவிட்டார்கள்.

கடையிலிருந்து மேனேஜர் அதற்குள் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். அரைநாள் என்றால் அரைநாள்தானாம். அவளை பஸ் ஏற்றிவிட்டு, பிள்ளையைக் காப்பகத்தில் விட்டு, என் சவாரியை முடித்து, மறுபடி அவனைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டில் போய்க் காத்திருந்தேன். அவள் வழக்கம்போல இருட்டிய பிறகுதான் வந்தாள். செருப்பைக் கழற்றியதும் கடைச் சீருடையோடு அடுப்பைப் பற்றவைத்து, அரிசியும் பருப்பும் கழுவிக் குக்கரில் போட்டாள். வரும் வழியில் வாங்கிய பூசணித் துண்டை நறுக்கினாள். கை அவசரப்பட்டது, விரலில் கத்தி பட்டது, வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு மறுபடி நறுக்கினாள்.

பட்டாணி பொறுக்கவில்லை. அவனுடைய ஐந்து நிமிஷம் எப்போதோ போயிருந்தது. "பாக்கெட்டு குடு" என்று அவள் காலைக் கட்டிக்கொண்டான். "வேகுதுடா கண்ணா." தரையில் உருண்டான். "அது வேணாம், பாக்கெட்டு!" நான் தூக்கப் போனேன், என் மார்பில் உதைத்தான். மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். எனக்கு அந்த மேல்வீட்டுக்காரர் மேல், மேனேஜர் மேல், கழுத்தில் அட்டை தொங்கியவர் மேல், அந்தக் குரல் மேல், எல்லார் மேலும் ஆத்திரம் வந்தது. யாரும் கைக்கு எட்டவில்லை. பிள்ளையைப் பார்த்து, "சும்மா இருடா!" என்று கத்தினேன். தங்கை திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

குக்கர் விசில் அடித்தபோது அவன் சத்தம் அடங்கிவிட்டது. ஆவி இறங்கும்வரை பொறுக்காமல் அவள் கரண்டியால் வெயிட்டைத் தூக்கினாள். சமையலறை முழுக்க ஆவி புகைபோல் பரவியது. தட்டில் போட்டு, விரல் சுடச்சுட மசித்து, ஊதி ஊதி ஆற்றினாள். சீருடையில் பூசணி ஒட்டியிருந்தது.

பட்டாணி நிலைப்படியில் குறுக்காகப் படுத்துத் தூங்கிப்போயிருந்தான். கன்னத்தில் கண்ணீர் காய்ந்து கோடாகியிருந்தது. அவள் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, சின்ன உருண்டையாக ஒன்றை எடுத்து, இன்னொருமுறை ஊதி, மூடிய வாயருகே பிடித்தாள். அவன் உதடு ஒருமுறை அசைந்தது. திறக்கவில்லை. அவள் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். உருண்டையிலிருந்து எழுந்த மெல்லிய ஆவி அவன் மூக்கைத் தொட்டுத் தொட்டுக் கலைந்துகொண்டிருந்தது.