அச்சில் விட்ட இழை

குமரகுரு சேலையை அறுத்துத் தறியிலிருந்து இறக்கினான். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. சீப்புப் போன்ற அச்சில் மிஞ்சியிருந்த, நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளையும் உருவிச் சுருட்டி மூலையில் எறிந்தான்.

பட்டு நெய்கிறவன் அதைச் செய்யமாட்டான். ஒரு பாவு முடியும்போது பழைய இழையின் நுனியை ஒரு சாண் நீளத்துக்கு அச்சிலேயே விட்டுவைப்பார்கள். அடுத்த பாவு வந்ததும், பிணைக்கிறவர் சாம்பல் தொட்ட விரலால் பழைய இழையோடு புதிய இழையை வைத்து முறுக்குவார். நுனி இல்லையென்றால் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக மறுபடி கோக்க வேண்டும். அச்சு காலியாகக் கிடந்தால் அந்தத் தறியில் இனி யாரும் உட்காரப்போவதில்லை என்று பொருள்.

குமரகுரு அப்படி எதையும் நினைத்துச் செய்யவில்லை. இனிமேல் வேண்டாத ஒன்றைக் கை தானாக ஒழித்துவைத்தது, அவ்வளவுதான்.

கடன் இல்லை. வீட்டில் சண்டை இல்லை. மகள் நன்றாகப் படித்தாள். ஆடி மாதம் தூக்கம் போனது. பிறகு சோற்றில் ருசி போனது. பிறகு யார் பேசினாலும் அடுத்த வீட்டு ரேடியோ மாதிரி காதில் விழுந்தது. காரணம் கேட்டால் சொல்ல அவனிடம் ஒன்றுமில்லை. அதனாலேயே யாரிடமும் சொல்லவில்லை.

புவனேஸ்வரி காபி கொண்டுவந்தாள். அச்சைப் பார்த்தாள். மூலையில் கிடந்த சுருட்டைப் பார்த்தாள். பட்டை வீணாக்கியதற்குத் திட்டப்போகிறாள் என்று அவன் காத்திருந்தான். அவள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"செத்துடலாம்னு இருக்கியா?"

கல்யாணமான நாளிலிருந்து அவனை நீ என்று சொல்லாதவள். இப்படி யாரும் கேட்கமாட்டார்கள் என்று அவன் நம்பியிருந்தான். கேட்டுவிட்டாள்.

"ஆமா."

தலைச்சுமையின் மறுபக்கத்தை யாரோ பிடித்த மாதிரி இருந்தது. சுமை அப்படியேதான் இருந்தது.

அவள் அழவில்லை. "சட்டையப் போடு. போலாம்."

"எங்க?"

"தெரியல. உன்ன தனியா உட்டுட்டு நான் எங்கயும் போறதா இல்ல. அதான், கூட வா."

தெருமுனையில் போன் பேச ஒரு பூத் இருந்தது. அங்கே பேசினால் தெருவே கேட்கும். அதனால் சைக்கிளின் பின்னால் ஏறி, சின்ன காஞ்சிபுரத்துக்கு விடச் சொன்னாள். அங்கே பாச்சா எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். அவர் தங்கையின் கல்யாணப் புடவை இவர்கள் தறியில் நெய்தது. அந்தப் பழக்கம்தான்.

"அண்ணா, மனசு சரியில்லாதவங்க பேசறதுக்கு மெட்ராஸ்ல ஏதோ நம்பர் இருக்குதாமே. உங்களுக்குத் தெரியுமா?"

"யாருக்கும்மா?"

"எனக்கு" என்றான் குமரகுரு.

பாச்சா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "என் மச்சினி ஸுபத்ரா அங்க ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கா. அவளுக்குத் தெரியும். உட்காருங்கோ."

ஸுபத்ராவைப் பிடித்து, நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். சுழற்றினால் எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு.

"உம்ம மாதிரி நெறைய பேர் இருக்கா போலிருக்கே" என்றார்.

குமரகுருவுக்கு உதடு கொஞ்சம் அசைந்தது. பல நாளாக அது நடக்கவில்லை.

லைன் கிடைத்ததும் அவனைக் கண்ணாடி அறைக்குள் தள்ளிவிட்டு, கட்டணம் ஓடும் மீட்டரின் மேல் தன் துண்டைப் போட்டு மூடினார். வெளியே வந்து வாசலை மறித்து நின்றார். மகனுக்குப் போன் பேச வந்த லோகாம்பாள் மாமியிடம், லைன் ரிப்பேர் என்றார்.

"ரிப்பேர்னா அவர் பேசிண்டிருக்காரே?"

"அதான் மாமி, அவர்தான் ரிப்பேர் பண்றார்."

மாமி கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்தாள். பிறகு புவனேஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள். "நான் சாயங்காலம் வரேன்" என்று போய்விட்டாள்.

உள்ளே ஒரு பெண்குரல். பெயர் கேட்கவில்லை, ஜாதி கேட்கவில்லை, காரணமும் கேட்கவில்லை. என்ன ஆகிறது என்று மட்டும் கேட்டது. அவன் திக்கினான். மூக்கு ஒழுகியது, சட்டையில் துடைத்துக்கொண்டான். அந்தப் பக்கம் அவசரப்படுத்தவில்லை. உயிரை விடுவதற்கென்று எதையாவது வீட்டில் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டது. சொன்னான். அதை இன்றைக்கே வீட்டைவிட்டு அப்புறப்படுத்த உங்கள் மனைவியிடம் சொல்வீர்களா என்று கேட்டது. சொல்வதாகச் சொன்னான். பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்று டாக்டர் இருக்கிறார், இது வியாதி, மருந்து உண்டு, மறுபடி எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்றது. அறிவுரை சொல்லவில்லை. அதற்காகவே அந்தக் குரலைக் கும்பிடலாம் என்று தோன்றியது.

அன்றைக்கே புவனேஸ்வரி அதை வீட்டைவிட்டு அகற்றினாள். டாக்டரைப் பார்த்தார்கள். மாத்திரை உடனே வேலை செய்யவில்லை. வாய் உலர்ந்தது. ஒரு நாள் மறுபடி மோசமாகி, பாச்சா பூத்துக்கு ஓடினான். அந்தத் தடவை ஆண்குரல். முதலில் எரிச்சலாக இருந்தது. அந்த ஆளும் நன்றாகத்தான் கேட்டார்.

பிணைக்கிற சபாபதி புதுப் பாவைச் சுமந்துகொண்டு வந்தவர், அச்சைப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

"அறுத்துப்போட்டது நீ, கோக்கறது நானாடா?"

"தப்புதாண்ணே."

"தப்பாவது ஒப்பாவது. ஒக்காரு." புவனேஸ்வரி அவரிடம் எல்லாம் சொல்லியிருந்தாள். அவர் கொக்கியைத் தேடி எடுத்தார்.

இழை கோக்க இரண்டு பேர் வேண்டும். பின்னாலிருந்து ஒருவர் ஒவ்வொரு இழையாக எடுத்து நீட்டுவார், முன்னாலிருந்து ஒருவர் கொக்கியால் இழுப்பார். சபாபதி இழுத்தார், குமரகுரு நீட்டினான். சபாபதிக்குக் கண் வலித்தபோது புவனேஸ்வரி இழுத்தாள். மறுநாள் பாச்சா வேடிக்கை பார்க்க வந்து, கொக்கியை வாங்கி, ஒரே துளையில் இரண்டு இழையைக் கோத்துவிட்டுத் திட்டு வாங்கிக்கொண்டு போனார். ஒவ்வோர் இழைக்கும் அந்தப் பக்கம் ஒரு கை காத்திருந்தது. வேறொன்றையும் யோசிக்க இடமில்லை. நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள்.

தை பிறந்து அந்தப் பாவும் முடிந்தது. குமரகுரு சேலையை அறுத்து இறக்கினான். அச்சில் நுனிகளை விட்டு, நழுவாமல் கொத்துக் கொத்தாக முடிந்தான்.

"ஏங்க, ஒரு சாண் போதுமே" என்றாள் புவனேஸ்வரி. "ஏன் இம்மாம் நீளம் உட்டுக்கினு இருக்கீங்க? பட்டு என்னா வெல விக்குது."

"இருக்கட்டும்" என்றான். சட்டையை மாட்டிக்கொண்டு சபாபதியைக் கூப்பிடக் கிளம்பினான்.