ஆறாவது கட்டம்

குழாயும் தரை ஓடும் விற்கும் பெரிய கடையில் அவர் கொள்முதல் மேலாளர். எந்தக் கிடங்குக்குப் போனாலும், விலையைக் கேட்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். வாசலைத் தாண்டுவதற்குள், "சார், உக்காருங்க, பேசுவோம்" என்று பின்னால் குரல் வரும். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் குரல் வராமல் போனதே இல்லை.

அப்படிப்பட்டவர் நாற்பத்தாறு வயதில் நிர்வாக முதுகலை படிக்கப் போனார். பொது மேலாளர் நாற்காலி காலியாகப் போகிறது, பட்டம் இல்லாதவருக்குக் கிடையாது என்று முதலாளியின் மகன் கறாராகச் சொல்லிவிட்டதுதான் காரணம். இரண்டு வருடம், சனி ஞாயிறு முழுக்க வகுப்பு. கடையில் 'புரபசர்' என்று பட்டப்பெயர் சூட்டி, அவர் தலையைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். வகுப்பில் இளவட்டங்கள் 'அங்கிள்' என்று கூப்பிட்டுத் தனி மேசையே ஒதுக்கிக் கொடுத்தார்கள். இரண்டு இடத்திலும் மரியாதைக்குக் குறைச்சலில்லை. பக்கத்தில் உட்காரத்தான் ஆளில்லை.

தாள்கள் எல்லாவற்றிலும் தேறிவிட்டார். மிச்சம் மூன்று படிவம். படிப்பு இந்த ஆளை எப்படி மாற்றியது என்று மேலே இருப்பவர், கீழே இருப்பவர், வீட்டில் இருப்பவர் மதிப்பெண் போட வேண்டும். முதலாளி மகன் போனில் பேசிக்கொண்டே போட்டுத் தள்ளினார். உதவியாளர் எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டு, கூடவே தன் விடுப்பு விண்ணப்பத்தையும் நீட்டினார்.

வீட்டுப் படிவத்தை வெள்ளிக்கிழமை மாலை மனைவி திருப்பிக் கொடுத்தாள். மருந்துத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் அவள். இருபது கேள்வி. ஒன்று முதல் ஐந்து வரையிலான கட்டங்கள் பளிச்சென்று காலி. ஆறாவது கட்டத்தில் மட்டும் மேலிருந்து கீழ்வரை இருபது டிக், நூல் பிடித்தாற்போல. அந்தக் கட்டத்தின் தலைப்பு: 'கவனிக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை.'

"இந்தக் கட்டத்துல அஞ்சுக்கு மேல டிக் இருந்தா படிவம் செல்லாதும்மா. ஆறு மாசம் தள்ளிப் போயிடும். அதுவரைக்கும் நாற்காலி எனக்காகக் காத்துக்கிட்டிருக்குமா?"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? சாம்பிள் பார்க்காம எதுலயும் நான் கையெழுத்துப் போடறதில்லைங்க."

"நான் என்ன மாத்திரையா?"

"மாத்திரையா இருந்தா தினம் ரெண்டு வேளையாவது கண்ணுல பட்டிருப்பீங்களே."

"சரி, பதினஞ்சு கேள்விக்கு மட்டும் போடு. எல்லாத்துக்கும் ஒண்ணுன்னாலும் பரவாயில்ல."

"ஒண்ணுன்னா மோசம்னு அர்த்தம். மோசம்னு நான் சொன்னேனா? தெரியலைன்னுதானே சொல்றேன்."

குரலில் கோபம் இருந்தால் பேரம் பேசலாம். அது துளியும் இல்லை. அவர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"வகுப்பெல்லாம் முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை பூரா வீட்டுலதான் இருக்கப் போறேன். நல்லா பார்த்துட்டுப் போடு. திங்கக்கிழமைதான் கடைசி நாள்."

"ஞாயித்துக்கிழமை எனக்கு டியூட்டிங்க."

"எப்பலேர்ந்து?"

"ஒன்றரை வருஷமா. பொண்ணும் கல்யாணமாகிப் போயிட்டா, வெறும் வீட்டுல உக்காந்து என்ன பண்ணன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். அன்னைக்கே சொன்னேனே. புத்தகத்துலேர்ந்து தலையைத் தூக்காம 'நல்லது'ன்னீங்க."

அவர் பழக்கதோஷத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வாசல்வரை போனார். பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம். அவள் பாத்திரம் கழுவ ஆரம்பித்திருந்தாள். எழுந்து வந்தாகிவிட்டதே என்று செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பினார்.

சனிக்கிழமை, வகுப்புத் தோழன் ஒருவன் போனில் சிரித்தான். "இதுக்குப் போயா அங்கிள்? நாங்க எல்லாரும் நாங்களேதான் போட்டுக்கிட்டோம். நாலு, அஞ்சு, நாலுன்னு மாத்தி மாத்திப் போட்டு விடுங்க."

புதுப் படிவத்தில் ஆறு கேள்வி மளமளவென்று முடிந்தது. ஏழாவது: 'உங்களை முழுதாகப் பேசி முடிக்க விடுகிறாரா?' பேனா நின்றது. அவள் இரண்டு போடுவாளா, நாலு போடுவாளா? தரை ஓட்டைத் தட்டிப் பார்க்காமலே தரம் சொல்லும் மனிதர், அரைமணி நேரம் அந்த வரியிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவள் கொடுத்த படிவத்தையே உறையில் வைத்து ஒட்டினார்.

ஞாயிறு காலை ஆறரை. அவள் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"இந்தா..." என்றார்.

திரும்பினாள். "என்னங்க?"

வாசல்வரை போய்க் குரலுக்குக் காத்திருந்துதான் அவருக்குப் பழக்கம். கூப்பிட்ட பிறகு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"குடை எடுத்துக்கிட்டியா?"

"மழையே இல்லையேங்க."

வேறு ஏதாவது வருமோ என்பதுபோல் சற்று நின்றாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். படி இறங்கினாள்.

எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று கேட்டிருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியபோது, தெருமுனையில் பேருந்து கிளம்பிவிட்டிருந்தது.