ஓர் ஓட்டை மிச்சம்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். என் தலையில் நானே கை வைத்துச் சொல்கிறேன்; அடுத்தவர் தலையில் கை வைத்துச் செய்கிற சத்தியத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பக்கத்து வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதன் வழியாக என் இரண்டு காதாலும் கேட்டதைத் தவிர ஒரு வரிகூட நான் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பேன்.

(இது சேர்த்ததல்ல. கை பழகிவிட்டது.)

கதை பிறந்தது ஒரு டப்பாவிலிருந்து. அதைச் செய்த டீச்சர் கனசதுரம் என்பார். அவர் கணவர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற டிரைவர், டப்பா என்பார். நான் நடுநிலையானவன், டப்பா என்றே எழுதுகிறேன்.

வலைமாதிரி சின்னச் சின்னச் சதுர ஓட்டைகள் உள்ள விறைப்பான பிளாஸ்டிக் அட்டை. அதில் கம்பளி நூலால் குறுக்குத் தையல் போட்டால் படம் வரும். ஆறு துண்டு, ஆறு படம்: பூனை, குடை, மீன், ஆப்பிள், கடிகாரம், சிவப்பு பஸ். ஆறையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து, உள்ளே பஞ்சை அடைத்து மூடிவிட்டால் குழந்தை உருட்டி விளையாடலாம். ஞாயிற்றுக்கிழமை மகள் குழந்தையோடு வருகிறாள். டப்பா அந்தப் பேத்திக்கு.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘அந்தச் சனிக்கிழமையின் மஞ்சள் வெயில் டீச்சரின் ஊசி முனையில் பட்டுத் தெறித்து’

நிறுத்திவிட்டேன். இந்த வேலைக்கு மொட்டை ஊசி. அதற்கு முனை கிடையாது.

அடுத்து: ‘டிரைவர் நல்லவர்.’ முதல் வரியிலேயே எழுதுகிறவன் வக்காலத்து வாங்கினால் வாசகர் உஷாராகிவிடுவார். அடித்தேன். ஆனாலும் அவர் நல்லவர்தான். பிரேக் பிடிக்காத பஸ்ஸை ஒரு இறக்கத்தில் அதட்டியே நிறுத்தியவர். பயணிகள் அத்தனை பேரும் சாட்சி. அவர்களை இப்போது தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம்.

சரி, நேராகவே சொல்கிறேன். என்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து அவர் காது போய்விட்டது, மெஷின் வைத்திருக்கிறார். இப்போது கண்ணும் மங்கி வருகிறது. டாக்டரிடம் காட்டச் சொல்லி டீச்சர் கெஞ்சாத நாளில்லை. காட்டினால் டாக்டர் கார் சாவியை வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுவார் என்று டிரைவருக்குத் தெரியும். வண்டி ஓட்டாத டிரைவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? சனிக்கிழமை காலை காரை வெளியே எடுக்கும்போது கேட் தூணில் இடித்தார். தூண் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்று விளக்கம் சொன்னார். மறுநாள் பேத்தியைக் காரில் வைத்து ஒரு சுற்றுப் போவதாகப் போனில் வாக்கும் கொடுத்திருந்தார்.

3

டிரைவருக்கு ஒரு வழக்கம். டீச்சர் வாயில் ‘கண்’ என்று வந்ததும் காது அரிப்பதுபோல் கை மேலே போகும். கை கீழே வரும்போது மெஷின் சட்டைப்பையில் இருக்கும். அப்புறம் என்ன சொன்னாலும் நிதானமாகத் தலையாட்டுவார். கல்யாணமானவர்களில் பாதிப் பேர் எதையும் கழற்றாமலே இதைச் செய்கிறார்கள். இவரிடம் அந்த அளவுக்காவது நேர்மை இருந்தது.

ஆனால் டீச்சர் கணக்கு டீச்சர். பரீட்சையில் துண்டுச்சீட்டு யார் எங்கே ஒளித்திருப்பான் என்று வாசலிலேயே கண்டுபிடித்தவர். கொஞ்ச நாளாக, பேச்சை ஆரம்பிக்கும் முன் கணவரின் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறார்.

அன்று டப்பாவின் ஐந்து பக்கம் முடிந்துவிட்டது. ஆறாவது பக்கமான பஸ், கதவுபோல் ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு திறந்து கிடந்தது. டீச்சர் அடுப்பை அணைக்க எழுந்தார். “இருங்க, வந்து பேசணும். கண்ணைப் பத்தி.”

டிரைவர் கை காதுக்குப் போனது. சட்டைப்பை ஆகாது. மேஜை டிராயரை இழுத்தால் கீச்சிடும். எதிரே டப்பா வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. மெஷின் பஞ்சுக்குள் போனது. பேசி ஓய்ந்ததும் எடுத்துக்கொள்ளலாம்.

டீச்சர் தைத்துக்கொண்டே பேசுகிறவர் என்பது அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

4

ஓரம் சேர்ப்பது பற்றி ஒரு வார்த்தை. தனியாக நிற்கப்போகிற துண்டென்றால் அதன் ஓரத்தைச் சுற்றித் தைத்து பிளாஸ்டிக்கை மறைத்துவிடலாம். இன்னொன்றோடு சேர வேண்டியதை அப்படி மூடக் கூடாது. வெறும் ஓரமாக விட்டு, ஓட்டைக்கு நேரே ஓட்டை வைத்து, இரண்டின் வழியாகவும் ஒரே நூலைச் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். மூலை வந்தால் ஒரே ஓட்டையில் இரண்டு மூன்று சுற்று. இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பல்லைக் காட்டும்.

(இதில் தாம்பத்தியம் பற்றி உவமை எதுவும் இல்லை. இரண்டு வரி எழுதித்தான் பார்த்தேன், சகிக்கவில்லை. கம்பளி கம்பளியாகவே இருக்கட்டும்.)

திரும்பி வந்த டீச்சர் சட்டைப்பையைத் தடவினார். காலி. டப்பாவை எடுத்து பஸ்ஸை மூடி, அவர் முகத்துக்கு நேரே நீட்டி, ஓரத்தை விரலால் ஓட்டிக் காட்டினார். ஓட்டை நேராக இருக்கிறதா என்று அர்த்தம்.

டிரைவர் கண்ணைச் சுருக்கினார். டப்பா தெரிந்தது. சிவப்பு தெரிந்தது. ஓட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே புகைமூட்டம்.

“கரெக்டா இருக்கு டீச்சர். ஒண்ணுமேல ஒண்ணு அப்படியே உக்காந்திருக்கு.”

டீச்சர் தைக்க ஆரம்பித்தார்.

டிரைவர் வாழ்க்கையில் பார்த்த விபத்தெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தவை. இது தையல் தையலாக நடந்தது. ‘நிறுத்து, என் காது உள்ளே இருக்கு’ என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால் அது ஏன் அங்கே போனது என்ற பேச்சு வரும். அவர் இருந்த இடத்தில் இருந்தார்.*

* இந்த இடத்தில் உங்களுக்கு அவர்மேல் கோபம் வரும் என்று தெரியும். முந்தைய பிரதியில் அவருக்கு ஒரு இருமலைக் கொடுத்து அனுதாபம் தேடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

5

காது மெஷினை எதற்குள்ளாவது பொத்தி வைத்தால் விசில் அடிக்கும். மாட்டியிருப்பவருக்கு அது தெரிந்த விஷயம்தான். கழற்றிவிட்டால் அவருக்கு அது கேட்காது.

டப்பா ‘கீ’ என்றது.

டீச்சரின் ஊசி நின்றது. டப்பாவை அழுத்தினார். கீ. விட்டார், அடங்கியது. கணவரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே மறுபடி அழுத்தினார். டிரைவர் சுவரில் இருந்த காலண்டரை ரசித்துக்கொண்டிருந்தார்.

அப்போது டீச்சர் மனதில்

வேண்டாம். அவர் மனதுக்குள் போக எனக்கு வழியில்லை. சுவர் வழியாகச் சத்தம்தான் வரும்.

ஊசி மறுபடி ஓடியது. கடைசி மூலையில் பஸ்ஸின் பக்கம் ஓர் ஓட்டை மிச்சம். ஆரம்பத்திலேயே ஓர் ஓட்டை தள்ளி வைத்துத் தைத்திருக்கிறது. கணக்கு டீச்சர் ஒன்றைத் தவறவிடுவாரா? வேண்டுமென்றே தள்ளி வைத்துவிட்டுத்தான் அவரிடம் நீட்டினாரா? இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை.

டீச்சர் ஊசியை மேஜைமேல் வைத்தார். டப்பாவை வாயருகே கொண்டுபோய், பஸ் ஜன்னலைப் பார்த்துப் பேசினார். காது அங்கே இருக்கும்போது அங்கே பேசுவதுதானே முறை.

“காலையில தூணை இடிச்சீங்க. தூண் நகர்ந்துடுச்சுன்னீங்க, போனாப் போகுதுன்னு விட்டேன். நாளைக்கு அந்த வண்டியில குழந்தை உக்காருவா. எனக்குப் பயமா இருக்குங்க. டாக்டர் ஓட்டாதேன்னா சொல்லிட்டுப் போறாரு. அதுக்காக நீங்க டிரைவர் இல்லைன்னு ஆயிடுமா?”

டப்பா ‘கீ’ என்றது.

டிரைவர் நிதானமாகத் தலையாட்டினார்.

6

முடிவுகள் மூன்று கைவசம் இருக்கின்றன.

ஒன்றில், டீச்சர் மூலையில் ஒரு சுற்று அதிகமாகப் போட்டு மிச்ச ஓட்டையை இழுத்து மறைத்துவிடுகிறார். கைதேர்ந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள், யாருக்கும் தெரியாது. மறுநாள் டப்பா விசில் அடிக்கிறது, குழந்தை சிரிக்கிறாள், டிரைவர் காரை எடுக்கிறார். இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

இன்னொன்றில் கத்தரி. ஒரு ஓரம் முழுக்கப் பிரிகிறது, மெஷின் அவர் உள்ளங்கைக்கு வருகிறது. டப்பாவிடம் சொன்னதை டீச்சர் மறுபடி அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவரும் கேட்டாக வேண்டும்.

மூன்றாவதில் டிரைவரே வாயைத் திறக்கிறார். “டீச்சர், எனக்கு ஓட்டையே தெரியல.” எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பும்படி இல்லை. அவர் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. (ஆனாலும் அடிக்கவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். டீச்சர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மேஜைமேல் கை நீட்டினார். அங்கே ஊசியும் கத்தரியும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. எதையோ எடுத்தார். அது மின்னியது. எடுத்தது எது என்று எதிரே உட்கார்ந்திருந்த டிரைவருக்குத் தெரியவில்லை. ஆகவே இந்தக் கதைக்கும் தெரியாது.

உங்களுக்குக் கண் நன்றாக இருக்கும். பார்த்துச் சொல்லுங்கள். வாயால் வேண்டாம், எழுதிக் காட்டுங்கள். சனிக்கிழமையிலிருந்து என் காது மெஷின் என்னிடம் இல்லை.