தளர்ந்த நியூட்ரல்

ஜாலான் புசார் ஹோட்டலில், வோல்டேஜ் எகிறினால் கரண்டை வெட்டிவிடும் வோல்டேஜ் ரிலே அடிக்கடி ட்ரிப் ஆகி, கரண்ட் போய்க்கொண்டே இருந்தது. "சனியன், கெட்டுப்போச்சு லா! கழட்டிடுங்க தம்பி" என்றார் மேனேஜர் அற்புதராஜ். இருபது வருஷ எலக்ட்ரிஷியன் நான். மண்டையை ஆட்டிக்கொண்டு கழற்றினேன். எல்லா அறைக்கும் வோல்டேஜைச் சமமாக வைக்கும் நியூட்ரல் வயரின் ஸ்க்ரூவை முறுக்கிக்கூடப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் அந்த வயர் விட்டுப்போனது. இருநூற்று முப்பது வோல்ட் போகவேண்டிய சில அறைகளில் முந்நூற்றைம்பதுக்கு மேல் பாய்ந்தது. டிவிகள் தீப்பற்றிக் கருகின. மாடியில் மேனேஜரின் மனைவி உர்சுலாவின் ஆக்ஸிஜன் மெஷினும் கருகியது. கீழே தீயை அணைத்துவிட்டு அவர் மேலே ஓடியபோது உர்சுலாவுக்கு மூச்சு நின்றிருந்தது.

அடக்கம் முடிந்ததும் என் கையைப் பிடித்தார். "அந்த ரிலே கெட்டதுதானே, தம்பி?"

முந்தின நாள்தான் அதை வீட்டில் சோதித்திருந்தேன். ஒரு குறையும் இல்லை. நியூட்ரல் தளர்ந்ததைத்தான் அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

"ஆமாண்ணே" என்றேன்.