சுவரில் பெய்த மழை

றேணுகா படியேறி வந்துகொண்டிருந்தாள். கொட்டாஞ்சேனையில் ஒரு ஒடுங்கிய லேனில், மாடியில் நடக்கும் சின்ன நேசரி, பாலர் பள்ளி அது. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெயின்ற் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்த டீச்சர் துஷ்யந்தி, ஈரக் கையோடு எழுந்து நின்றாள். இதே நேசரியில் படித்த ரொஷேலின் தாய்தான் றேணுகா. மூன்று வயது ரொஷேலை டெங்குக் காய்ச்சல் கொண்டுபோய் இன்னும் முப்பத்தோராம் நாள் ஆகவில்லை.

“முப்பத்தொண்டுப் பூசைக்கு நினைவுக் கார்ட் அடிக்கிறம் மிஸ்,” என்றாள் றேணுகா. “முன்பக்கம் அவவின்ர படம். பின்பக்கம் கை அடையாளத்தைப் போடுவம் எண்டு அவர் சொல்றார். நத்தார் மரத்துக்குக் கையைப் பச்சையில தோய்ச்சனாங்கள் எண்டு வீட்ட வந்து ஒரே கதை. அதை ஒருக்காத் தருவீங்களோ?”

அது சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கிறிஸ்மஸ் ஒளி விழாக் கண்காட்சிக்கு வரிசையாகக் கட்டிய தாள்களில் ஒன்று. பச்சை உள்ளங்கை ஒன்று தலைகீழாகப் பதிந்து, விரல்கள் கிளைகளாக விரிந்திருந்தன. உச்சியில் மஞ்சள் நட்சத்திரம். கீழே துஷ்யந்தியின் முத்து முத்தான எழுத்தில் ரொஷேல் என்ற பெயர்.

பெயர்தான் ரொஷேலுடையது. கை அவளுடையது இல்லை.

மணலை அளையவிடு, தண்ணீரைத் தொடவிடு, பெயின்ற்றைப் பிசையவிடு, குழந்தை தொட்டுத்தான் உலகத்தைப் படிக்கும் என்று பயிற்சியில் நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் சொல்லிக்கொடுத்தவர்களா ஒளி விழாவுக்கு வருகிறார்கள்? வருவது பெற்றோர். பக்கத்துப் பிள்ளையின் மரம் மரமாகவும் தங்கள் பிள்ளையின் மரம் சாணி அப்பியது போலவும் இருந்தால் எந்தத் தாய் பொறுப்பாள்? அதனால் சின்னஞ்சிறுசுகளின் கைவண்ணம் என்று சுவரில் தொங்குவதில் முக்கால்வாசி மிஸ்மாரின் கைவண்ணம். இது ஊருக்கே தெரிந்த இரகசியம்.

கை அடையாளம் மட்டும் மிஸ்மாரால் முடியாத காரியம். கை பெரிதாயிற்றே. அதற்குத்தான் றொஹான் இருந்தான். பிடித்து வைத்த பிள்ளையார் போல இருக்கிற பையன். நீட்டிய கையை ஆட்டமாட்டான். துள்ளுகிற, விரலை மடக்குகிற, பெயின்ற்றை மூக்கில் பூசுகிற பிள்ளைகளின் தாள்களிலெல்லாம் துஷ்யந்தி அவன் கையையே பதித்துவிட்டாள். ரொஷேல் உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துத் தன் தாளைக் கிழித்தேவிட்டாள். அது அன்றைக்கே குப்பைக்குப் போனது.

“இருங்கோ றேணுகா, வாறன்,” என்று சொல்லிவிட்டுத் துஷ்யந்தி உள்ளறைக்குப் போனாள். அங்கே அதிபர் மாக்ரெட் மிஸ், ஒளி விழாவில் தேவதூதராக வரும் பிள்ளைகளின் சம்மனசு உடுப்புகளுக்கு இறகு தைத்துக்கொண்டிருந்தார்.

“மிஸ், ரொஷேலின்ர கை அடையாளத்தைக் கேட்டுத் தாய் வந்து நிக்கிறா. அது றொஹான்ர கை.”

மாக்ரெட் மிஸ் ஊசியைக் கீழே வைத்தார். நல்ல மனுசி. செத்த வீட்டில் கடைசிவரை நின்று வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவர். “பேசாமக் குடும் துஷி,” என்றார் மெதுவாக. “அந்தப் பிள்ளை ஏற்கெனவே உடைஞ்சுபோய் நிக்குது. உண்மையைச் சொல்லி இன்னொருக்கா உடைக்கப்போறீரோ? ஒரு ஆறுதலுக்குத்தானே கேக்கிறா.”

துஷ்யந்திக்கும் அது சரியென்றே பட்டது. சொன்னால் தன் மானம் போகும் என்ற பயமும் அந்தச் சரிக்குள் ஒளிந்திருந்தது. தாளைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

றேணுகா பிள்ளைகளின் குட்டிக் கதிரை ஒன்றில் உட்கார்ந்து, தாளை மடியில் விரித்தாள். பச்சை விரல்களின் மேல் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்தாள். பிறகு குனிந்து அந்த உள்ளங்கையை முத்தமிட்டாள்.

“என்ர கைக்குள்ள அடங்கிப்போற கை மிஸ்,” என்றாள். “ஆஸ்பத்திரியிலயும் பொத்திப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான். இதில பாருங்கோ, எவ்வளவு பெருசாக் கிடக்கு. வளந்ததை நான் கவனிக்கவே இல்லை.”

துஷ்யந்தியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. உயிரோடு ஓடித் திரிகிற ஒரு பையனின் கையை இறந்த பிள்ளையின் கார்ட்டில் போட்டு, வீடு வீடாகச் செபப் புத்தகத்துக்குள் வைக்கப்போகிறார்களே என்றிருந்தது. அவள் தரையில் குந்தினாள்.

“அது அவவின்ர கை இல்லை, றேணுகா. இன்னொரு பிள்ளையின்ர. அவ அசையாம நிக்கேல்லை எண்டு நான்தான் மாத்தி வைச்சனான். அவ செய்ததை எறிஞ்சிட்டன். என்னை மன்னியுங்கோ.”

றேணுகா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் துஷ்யந்திக்கு இலேசாக இருந்திருக்கும். தாளிலிருந்து கையை எடுத்துச் சட்டையில் துடைத்தாள். வெளியே யாரோ மீன் கூவி விற்றுக்கொண்டு போனான். அந்தச் சத்தம் லேன் முனையில் அடங்கியபோது அவள் சுவரில் தொங்கிய தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப இஞ்ச ஒரு இடத்திலயும் அவவின்ர கை இல்லையோ மிஸ்?”

அந்தக் கேள்விதான் துஷ்யந்தியின் கண்ணைப் பொம்மை அலுமாரிப் பக்கம் திருப்பியது.

ரொஷேல் இருந்தபோது, நேசரியில் மழையைப் பற்றிப் படிக்கும் மழை வாரம் நடந்தது; வெளியிலும் அடைமழை. அந்த மழைதான் டெங்கு நுளம்பையும் கொண்டுவந்தது என்பது பிறகல்லவா தெரிந்தது. தட்டில் நீலப் பெயின்ற் ஊற்றி, விரலைத் தோய்த்துத் தாளில் மழைத்துளி வையுங்கள் என்று துஷ்யந்தி சொன்னாள். எல்லாரும் துளி வைத்தார்கள். ரொஷேல் மட்டும் தட்டில் இரண்டு கையையும் முழுதாக அமுக்கி எடுத்து, நேரே சுவருக்கு ஓடினாள். வெள்ளைச் சுவரில் மேலிருந்து கீழே இழுத்தாள்.

“கெட்ட பிள்ளை,” என்று துஷ்யந்தி அதட்டினாள்.

“மழை, மிஸ்,” என்றாள் ரொஷேல்.

ஈரத்துணியால் தேய்த்தும் நீலம் போகவில்லை. கண்காட்சிக்கு ஆட்கள் வருவார்களே என்று அலுமாரியைத் தள்ளி மறைத்துவிட்டாள். அந்த அதட்டலைத்தான் இன்றுவரை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இப்போது எழுந்து அலுமாரியில் தோளைக் கொடுத்தாள். சத்தம் கேட்டு வந்த மாக்ரெட் மிஸ் மறுபக்கம் பிடித்தார். அலுமாரி கிறீச்சிட்டு நகர்ந்தது.

நீல மழை சுவரில் அப்படியே இருந்தது. கோணல் மாணலான விரல் கோடுகள் தரைவரை இறங்கியிருந்தன. றேணுகா முழங்காலில் நகர்ந்து கிட்டப் போனாள். ஆக உயரத்தில் தொடங்கிய கோட்டைத் தொட்டாள்.

“இவ்வளவுக்கு எட்ட மாட்டா,” என்றாள். “நுனிக்கால்ல நிண்டிருக்கிறா.”

கோடுகளுக்குப் பக்கத்தில், விழாமல் இருக்க ஊன்றிய இடக்கை தனியாகப் பதிந்திருந்தது. ஐந்து விரலும் கலங்காமல் இருந்தன. அதன் மேல் றேணுகா தன் உள்ளங்கையை வைத்தாள். அது முழுதாக அடங்கிப்போனது.

துஷ்யந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். “கார்ட்டுக்குப் படம் எடுப்பமே, றேணுகா?”

“கொஞ்சம் பொறுங்கோ மிஸ்,” என்றாள் றேணுகா, கையை எடுக்காமலே.